நிமிஷத்துக்கு நாற்பத்தாறு

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது எனக்கு இதய நோய் வந்தது. வந்துவிட்டது என்று, மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஊரில் எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். என்னைத் தவிர. எனக்கு அன்றைக்குப் பசி மட்டும்தான் இருந்தது.

அதற்கு முந்தைய ஆறேழு மாதமாக நான் ஓடிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் மூவாயிரம் மீட்டருக்கு ஆள் கிடைக்கவில்லை. நூறு மீட்டருக்கு அடிதடி. குண்டு எறியக்கூட நாலு பேர் நின்றார்கள். விளையாட்டு டீச்சர் எங்கள் வகுப்பை மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னார். முடியாதவர்கள் நின்றுகொள்ளலாம் என்றார். எல்லோரும் ஒவ்வொருவராக நின்றுகொண்டார்கள். என்னிடம் வேகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நிற்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். டீச்சர் விசிலை ஊதி நிறுத்தி, இது போதும், மூவாயிரத்துக்கு நீதான் என்றார்.

எங்கள் ஊர் நாச்சியாபுரத்துக்குப் பக்கம். விடிந்ததும் வீட்டிலிருந்து கிளம்பி, ஊருணியைச் சுற்றிக்கொண்டு, குன்றக்குடி ரோட்டில் பாதி தூரம் போய்த் திரும்புவேன். முதல் மாதம் மூச்சு எனக்கு எதிராளியாக இருந்தது. விலாவில் குத்தும், தொண்டை காயும், வாயில் துருப்பிடித்த இரும்பை நக்கியது போல ஒரு ருசி வரும். பிறகு ஒரு நாள், எந்த நாள் என்று தெரியாது, மூச்சு என் காலோடு சேர்ந்துகொண்டது. மூன்று எட்டுக்கு உள்ளே, மூன்று எட்டுக்கு வெளியே. என் நுரையீரல் பெரிதாகிவிட்டது என்று சிநேகிதிகளிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஓடினால் நுரையீரல் அப்படியொன்றும் பெரிதாவதில்லை, மூச்சை இழுத்துவிடும் தசைகள்தான் களைக்காமல் வேலை செய்யப் பழகுகின்றன என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். வளர்ந்துகொண்டிருந்தது வேறு ஒன்று. அது சத்தமில்லாமல் வளர்ந்தது.

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. பால்காரர் முதல் நாள் வண்டியை நிறுத்தி, "ஒன்னய யாரு தொரத்துறா, ஆத்தா?" என்று கேட்டு, எனக்குப் பின்னால் ரோட்டை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை என்றதும் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அடுத்த தெருவில் பெரிய வீடு ஒன்று வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஓட்டலாகியிருந்தது. அங்கே தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அதே ரோட்டில் அரைக்கால் சட்டையுடன் ஓடியபோது, இந்த வயதிலும் உடம்பை எப்படி வைத்திருக்கிறாள் என்று டீக்கடையில் வியந்தார்கள். நான் முழுக்கால் சட்டைக்கு மேல் துப்பட்டாவையும் கட்டிக்கொண்டு ஓடினேன். என் உடம்பைப் பற்றி அதே கடையில் வியப்பு இல்லை, கவலை இருந்தது.

எங்கள் பக்கம் அப்பாவை அப்பச்சி என்றும் அம்மாவை ஆத்தா என்றும் சொல்வோம்; பெண் பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடுவதும் ஆத்தா என்றுதான். அப்பச்சிக்குக் காரைக்குடியில் பெயிண்ட் கடை. காலையில் போனால் ராத்திரிதான் வருவார். என் ஓட்டம் அவருக்குச் செய்தியாக மட்டும் தெரியும். ஆத்தா வேண்டாம் என்று சொன்னதில்லை, சரி என்றும் சொன்னதில்லை. நான் திரும்பும் நேரத்துக்கு வாசலில் நிற்பாள். முதலில் என் உதட்டைப் பார்ப்பாள், பிறகு நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்ப்பாள். மூச்சு அடங்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள். குற்றம் கண்டுபிடிக்கத்தான் நிற்கிறாள் என்று எனக்குத் தோன்றும்.

குற்றத்தைக் கண்டுபிடித்தது வேறு ஒருவர். தைப்பூசத்துக்கு எங்கள் ஊர்ப்பக்கத்தார் பழனிக்கு நடப்பார்கள். நடக்கப்போகிறவர்களுக்கு அந்த மார்கழியில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க முகாம் போட்டிருந்தார்கள். அப்பச்சியின் அக்கா, எனக்கு அயித்தை, ஆத்தாவுக்கு ஆச்சி, அடுத்த தெருவில்தான் இருந்தார். வருஷம் தவறாமல் பழனிக்கு நடப்பவர். ஊரில் பாதிப் பேர் அவர் கிளம்பச் சொன்னால்தான் கிளம்புவார்கள். அவருக்குத் துணையாகப் போயிருந்தேன். கூட்டம் குறைந்ததும் முகாமுக்கு வந்திருந்த இளவயது நர்ஸ் விளையாட்டாக என் கையிலும் பட்டையைச் சுற்றி மெஷினை அழுத்தினாள். நாடி நாற்பத்தாறு என்று காட்டியது. மெஷினைத் தட்டினாள். மறுபடியும் நாற்பத்தாறு. பேட்டரியை மாற்றினாள். பிறகு மணிக்கட்டில் இரண்டு மூன்று இடத்தில் தேடி, கடைசியில் நாடியைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து உதடசைத்து எண்ணினாள்.

"பாப்பா, நீ நல்லாத்தான இருக்க?"

"பசிக்குது," என்றேன்.

சாதாரணமாக எழுபதுக்கு மேல் இருக்க வேண்டும், பெரிய டாக்டரிடம் காட்டுங்கள் என்று அவள் அயித்தையிடம் மெதுவாகச் சொன்னாள். மெதுவாகச் சொன்னதால் எல்லோருக்கும் கேட்டது. நாங்கள் வீட்டுக்கு வருவதற்குள், பிள்ளைக்கு நாடி விழுந்துவிட்டது என்று எங்களுக்கு முன்னால் செய்தி வந்திருந்தது. ஆத்தா அடுப்படியிலிருந்து ஈரக்கையுடன் வந்தாள். என் கையைத் திருப்பி இரண்டு விரலை வைத்தாள். நர்ஸ் தேடிய இடத்தை அவள் தேடவே இல்லை. விரல் நேராக அங்கே போய் உட்கார்ந்தது. எண்ணி முடித்துவிட்டு, "இனிமே ஓட வேண்டாம்," என்றாள். என் ஓட்டத்தைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம் அது.

அன்று சாயங்காலம் வளவில் உட்கார்ந்து பேசினார்கள். வீட்டுக்குள் நடுவே வானம் பார்த்த முற்றமும் சுற்றிலும் தூண்களுமாக இருக்கும் பகுதியை வளவு என்போம். நான் ஒரு தூணில் சாய்ந்துகொண்டு என் நோயைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அயித்தைக்கு நோயின் காரணம் தெரிந்திருந்தது. ஆண்டவன் ஒவ்வொரு நெஞ்சுக்கும் இத்தனை துடிப்பு என்று அளந்து வைத்திருக்கிறான். இவள் அதை விடியற்காலையில் ரோட்டில் கொட்டிவிட்டு வருகிறாள். இப்போது அடி மட்டத்துக்கு வந்துவிட்டது.

"அப்படின்னா எனக்குத்தான் மிச்சம், அயித்தை," என்றேன். "நீங்க நிமிஷத்துக்கு எழுபது செலவழிக்கிறீக. நான் நாப்பத்தாறுதான்."

அப்பச்சிக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டு, டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்றார். அயித்தை கையை ஆட்டி மறுத்தார். "டாக்டருட்ட போனா எழுதிக் குடுத்துருவாக. எழுதிட்டா அது போகாது. நாளைக்கு நாலு வீட்டுல இவளுக்குப் பேச வேண்டாமா?"

ஆத்தா எழுந்து உள்ளே போனாள். அடுப்பில் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஆக, டாக்டர் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு வேண்டுதல். என் நெஞ்சு சரியாக வேண்டும் என்று நான் பழனிக்கு நடக்க வேண்டும். நான் ஓடும்போது போடும் ஷூ உள்கட்டு அறையில் பெட்டிக்குள் போனது. சாவி ஆத்தாவின் இடுப்புக்குப் போனது. பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றத் தாங்காத நெஞ்சு, குன்றக்குடியிலிருந்து நத்தம், திண்டுக்கல் என்று பழனிவரை எப்படித் தாங்கும் என்று கேட்டேன். அயித்தை யோசிக்கக்கூட இல்லை.

"ஓடுறது நீ. நடத்துறது அவன்."

 

அந்த முறை ஆத்தாவும் நடந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, வீட்டில் ஒரு ஆள் வேண்டாமா என்று சொல்லி அவள் யாத்திரைக்கு வந்ததே இல்லை. நடக்கிறவர்கள் நானூறு பேருக்குக் குறையாது. அயித்தை முன்னால் போவார். நான் அவருக்கும் முன்னால் போய்த் திட்டு வாங்குவேன். ஆத்தா எங்கோ பின்னால் வருவாள். கொஞ்ச தூரம் நடந்ததும் சாமான் வண்டியில் ஏறிக்கொள்வாள். காலில் கொப்புளம் என்பாள். ராத்திரி தங்கும் மண்டபத்தில் எல்லோருக்கும் பாதத்தில் எண்ணெய் தேய்த்துவிடுவது சிறுசுகளின் வேலை. ஆத்தாவின் பாதத்துக்கும் நான்தான் தேய்த்தேன். கொப்புளம் எதுவும் இல்லை. வண்டியில் ஏற ஆசைப்பட்டுப் பொய் சொல்கிறாள் என்று நினைத்து, பெருந்தன்மையாக யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

மலைப் படிக்கு வண்டி கிடையாது. ஆத்தா பத்துப் படிக்கு ஒரு தடவை ஓரமாக உட்கார்ந்தாள். அயித்தை கூட்டத்தோடு மேலே போய்விட்டார். நான் ஆத்தாவின் பையை வாங்கிக்கொண்டு மேலே ஒரு மண்டபத்தில் வைத்துவிட்டு இறங்கி வந்தேன். அவள் அதே இடத்தில் இருந்தாள். அவளுக்குத் தண்ணீர் வேண்டுமென்று ஏறினேன். பாட்டிலோடு இறங்கினேன். காலுக்குக் கீழே கல் குளிர்ச்சியாக இருந்தது. ஒரு மாதத்துக்கும் மேலாக அடக்கி வைத்திருந்த கால்கள். ஓடக்கூடாது என்று சொன்னவர்கள் யாரும் கண்ணில் படவில்லை. மூன்றாவது தடவை ஒரு காரணமும் இல்லாமல் ஏறி இறங்கினேன்.

வந்து உட்கார்ந்து, ஒரு பழிவாங்கலைப் போல ஆத்தாவின் மணிக்கட்டைப் பிடித்தேன். என் நாடியைத்தான் ஊரே எண்ணிவிட்டது. நான் யாருடையதையாவது எண்ண வேண்டாமா? முதலில் எதுவும் பிடிபடவில்லை. பிறகு கிடைத்தது. கிடைத்ததும் எண்ண முடியவில்லை. வேகமாக ஓடியது, நடுவில் ஒன்றைக் காணோம், பிறகு இரண்டு சேர்ந்து வந்தது.

"ஆத்தா, ஒங்களுக்குத் தாறுமாறா அடிக்குது. நடுநடுவுல விட்டுட்டுப் போகுது."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். "ஒனக்கு எண்ணத் தெரியல."

இருக்கலாம் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்திலும் கணக்கில் நான் அப்படித்தான்.

"எத்தன தடவ மேல போயிட்டு வந்த?"

"மூணு."

"நெஞ்ச அடைக்கலையா?"

"இல்லையே. மேல போகப் போக நல்லா காத்து வருது."

அவள் உள்ளங்கையை என் நெஞ்சில் வைத்தாள். படியில் காவடிகள் எங்களைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தன. ஒரு குழு முழுதும் போய் முடிந்து, அடுத்த குழுவின் மேளம் கீழே கேட்கும்வரை கையை எடுக்கவில்லை. எடுத்தபோது அவள் முகத்தில் இருந்தது கோபம் என்றுதான் எனக்குப் பட்டது. யார்மேல் என்று தெரியவில்லை. "சரி," என்று மட்டும் சொன்னாள்.

ஊர் திரும்பிய மறுநாள் அயித்தை அந்த நர்ஸைத் தேடிப் போய் என் நாடியைப் பார்க்க வைத்தார். அறுபத்தாறு. வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். நான் ஓட்டத்தை விட்டு ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. பயிற்சி நின்றால் இதயம் சில வாரங்களில் பழைய கணக்குக்குத் திரும்பத் தொடங்கும். போதாக்குறைக்கு ஒரு வார நடையின் களைப்பு வேறு. இது எதுவும் அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் பொங்கல் வைத்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

பொங்கலைத் தின்றுகொண்டே கேட்டேன். "அதான் கொணமாயிருச்சுல்ல, அயித்தை. இனிமே ஓடலாமா?"

"கொணமானதக் கெடுத்துக்கிறதுக்கா?"

நோய் இருந்தால் ஓடக்கூடாது. நோய் போனாலும் ஓடக்கூடாது. அவர்களுடைய சட்டத்தில் எனக்கு ஓட இடமே வைக்கவில்லை. எனவே இடத்தை நானே பார்த்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டின் தலைவாசல் ஒரு தெருவில், கொல்லைவாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீண்டுகொண்டே போகும். ஐந்து பங்காளிகளுக்கு உரிய வீடு. நாலு பேர் வெளியூரில். அவர்களுடைய அறைகளில் பூட்டு. குடியிருந்தது நாங்கள் மூன்று பேர். ரோட்டில் ஓடாதே என்றார்கள், மைதானத்தில் ஓடாதே என்றார்கள். வீட்டுக்குள் ஓடாதே என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் வீட்டுக்குள் மூவாயிரம் மீட்டர் ஓட முடியும் என்று உலகத்தில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

முடியும். விடிவதற்கு முன் வெறுங்காலில் தொடங்குவேன். முகப்பிலிருந்து கொல்லைவாசல்வரை நேராக. திரும்பி வந்து, வளவைச் சுற்றி நாலு பக்கத்துத் தாழ்வாரத்திலும் வட்டமாக. ஆத்தங்குடிக் கல் தரை ஈரப்பட்டால் வழுக்கும்; மூலை திரும்பும்போது தூணைத் தொட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு தடவை விழுந்தேன். முழங்கால் சிராய்ப்பைப் பள்ளிக்கூடத்தில் விழுந்த கணக்கில் எழுதினேன். இரண்டாங்கட்டு மூலையில் அரிசி மூட்டைகள் கிடந்தன. ஒவ்வொரு சுற்றிலும் அங்கே வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது, எரிச்சலாக வரும். ஒரு நாள் காலையில் மூட்டைகளைக் காணோம். பக்கத்து அறைக்குப் போயிருந்தன. என் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டேன். அடுப்படியில் ஆத்தா விளக்கைப் போட்டுப் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். அத்தனை பெரிய வீட்டில் என் கால் சத்தம் அவளுக்குக் கேட்காது என்று நான் நம்பியதை நினைத்தால் இப்போது வியப்பாக இருக்கிறது.

சாயங்காலம் விளக்கு வைத்ததும் என் நாடியை எண்ணுவது வீட்டு வழக்கமாகியிருந்தது. அயித்தை வந்து உட்கார்ந்துகொள்வார், ஆத்தா எண்ணுவாள். நானும் உள்ளுக்குள் எண்ணுவேன். இரண்டு வாரத்தில் அறுபது. இன்னும் இரண்டு வாரத்தில் ஐம்பத்து நாலு. ஓடியது கையில் தெரிந்துவிடும் என்று நடுங்கிக்கொண்டு நான் ஐம்பத்து நாலை எண்ணி முடித்த அன்று, ஆத்தா என் கையை விட்டுவிட்டு அயித்தை பக்கம் திரும்பி, "எழுபத்திரெண்டு, ஆச்சி," என்றாள்.

அயித்தை பழனி இருக்கும் திசைக்குக் கும்பிட்டார்.

மறுநாளும் எழுபத்திரண்டு. அதற்கடுத்த வாரமும் அதுவே. ஆத்தாவுக்கும் எண்ணத் தெரியவில்லை என்று முடிவு செய்தேன். குடும்பமே அப்படித்தான் போலும்.

பங்குனி பிறந்ததும் டீச்சர் சொல்லி அனுப்பினார். சிவகங்கையில் மாவட்டப் போட்டி, சனிக்கிழமை, மூவாயிரம் மீட்டருக்கு என் பெயர் இருக்கிறது, வருகிறேனா இல்லையா. அன்றைக்கு அப்பச்சியும் சீக்கிரம் வந்திருந்தார். ஒளித்து ஓடியது போதும் என்று எனக்குத் தோன்றியது. வளவின் நடுவில் போய் நின்றேன். இத்தனை நாளும் இந்த வீட்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை, சனிக்கிழமை சிவகங்கையில் ஓடுவேன் என்றேன். அயித்தை, ஆண்டவன் கொடுத்ததைக் காலால் உதைக்கிறாயா என்றார். உதைக்கவில்லை, காலால் ஓடுகிறேன் என்றேன். அப்பச்சி, இந்த வாய் யாருடையது என்று தூணைக் கேட்டார்.

"செத்துப் போவடி," என்றார் அயித்தை. அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அவருக்கு உண்மையிலேயே பயம்.

"செத்தா ஓடிக்கிட்டே சாகுறேன். ஒக்காந்துக்கிட்டு பயந்து சாக மாட்டேன்."

இந்தப் பேச்சுக்கு ஆத்தாவிடமிருந்து அறை விழும் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அப்பச்சியிடம் பேசினாள். "சனிக்கிழம இவள சிவகங்கையில நெஞ்சு டாக்டருட்ட கூட்டிட்டுப் போறேன். அவரு சொல்றதக் கேப்போம்."

"எழுதிக் குடுத்துட்டா என்ன பண்ணுவ?" என்றார் அயித்தை.

"குடுக்கட்டும், ஆச்சி."

அயித்தையிடம் ஆத்தா அந்தக் குரலில் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை. அயித்தையும் கேட்டதில்லை. பேச்சு அத்துடன் முடிந்தது.

எனக்கோ இதைவிடத் துரோகம் இருக்க முடியாது. அதே சனிக்கிழமை, அதே சிவகங்கை. மைதானத்துக்குப் பதில் ஆஸ்பத்திரி. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தேன். கல்லல் தாண்டியும் திரும்பவில்லை. சிவகங்கையில் இறங்கி ஆட்டோ பிடித்தாள். ஆட்டோ நின்ற இடத்தில் விசில் சத்தம் கேட்டது. ஆத்தா வயர்கூடையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதற்கு அடியில், துண்டில் சுற்றி, என் ஷூ இருந்தது. ஓடும் ஷூ.

"டாக்டரு சாயங்காலம்தான் வருவாரு," என்றாள். "அதுவரைக்கும் என்ன பண்ணப் போற?"

மூவாயிரம் மீட்டர் என்பது மைதானத்தை ஏழரைச் சுற்று. செம்மண் தரை, வெயில், பதினோரு பேர். வளவில் ஓடிப் பழகிய எனக்கு, திரும்பவே தேவையில்லாதது போல் வளைவுகள் பெரிதாக இருந்தன. முதல் இரண்டு சுற்றில் எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். மூச்சு தன் இடத்தைத் தேடிக்கொண்டது. மூன்று எட்டுக்கு உள்ளே, மூன்று எட்டுக்கு வெளியே. நாலாவது சுற்றில், முன்னால் போனவர்களின் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்கத் தொடங்கியது. கிழிந்த துணியை இழுப்பது போன்ற சத்தம். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். அந்தச் சத்தத்துக்குப் பின்னாலேயே விடாமல் போனால் போதும், அது தானாக விலகிக்கொள்ளும். ஒவ்வொருவராக விலகினார்கள். கடைசிச் சுற்றில் மூன்று எட்டு இரண்டானது. நெஞ்சு இடித்தது, கழுத்தில் இடித்தது, காதுக்குள் இடித்தது. நோயாளியின் நெஞ்சு என்று ஊர் பெயர் வைத்த அதே நெஞ்சு. பயந்து இடிக்கவில்லை, வேலை செய்து இடித்தது. இடி, இன்னும் இடி என்று அதனிடம் சொன்னேன். ஒருத்தியை மட்டும் பிடிக்க முடியவில்லை. இரண்டாவதாக வந்தேன்.

வேப்ப மரத்தடியில் ஆத்தா நின்றிருந்தாள். கை தட்டவில்லை. வலது கை விரல்களால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வளையலைச் சரி செய்கிறாள் என்று நினைத்தேன். என் மூச்சு அடங்கும்வரை, வாசலில் நிற்பது போலவே, பக்கத்தில் நின்றாள். அடங்கியதும், "இம்புட்டுச் சீக்கிரமா?" என்று கேட்டாள். ஓட்டத்தைச் சொல்கிறாள் என்று நினைத்து, பள்ளிக்கூடத்தில் ஓடியதைவிட நேரம் அதிகம்தான் என்றேன்.

சாயங்காலம் அவள் சொன்னபடியே நெஞ்சு டாக்டரிடம் போனோம். எனக்கு வயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். ஜெல்லைத் தடவி ஸ்கேன் பார்த்தார்கள். டாக்டர் கேள்வி கேட்டார். ஓடும்போது மயக்கம் வந்ததுண்டா? நெஞ்சு வலி? குடும்பத்தில் யாருக்காவது இதயத்தில் கோளாறு உண்டா? மூன்றாவது கேள்விக்கு ஆத்தா, "மொதல்ல இவளப் பாத்துச் சொல்லுங்க," என்றாள்.

அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். தொட்டித் தண்ணீரை டம்ளரால் மொள்ளுகிறவள் நிறையத் தடவை குனிய வேண்டும். செம்பால் மொண்டால் குறைவாகக் குனிந்தால் போதும். ஓடி ஓடி உன் இதயம் செம்பாகிவிட்டது. ஒரு துடிப்புக்கு அதிக ரத்தத்தை அனுப்புகிறது, அதனால் சும்மா இருக்கும்போது அதற்கு அவசரம் இல்லை. எல்லோருக்கும் மெதுவாக அடித்தால் நல்லது என்று அர்த்தமில்லை, பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பார்த்துவிட்டேன், இது ஓடுகிற பிள்ளையின் இதயம், ஓடட்டும். நான் ஆத்தாவை வெற்றியோடு பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"நீ வெளிய இரு, ஆத்தா," என்றாள் என்னிடம். கதவு சாத்திக்கொண்டது.

பத்து வயதில் மூட்டெல்லாம் வீங்கி வந்த ஒரு காய்ச்சல் ஆத்தாவின் இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. ஓடாதே, ஏறாதே, யாரிடமும் சொல்லாதே என்று வளர்த்து, யாரும் எழுதிக் கொடுப்பதற்கு முன்பாகக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அவளும் தன் கையைத் தானே பிடித்து எண்ணிக்கொண்டு அத்தனை பெரிய வீட்டில் இருந்திருக்கிறாள். அடுத்த வருஷம் மதுரையில் அந்த வால்வை மாற்றியபோதுதான் இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்தது. இப்போதும் பழனிக்கு நடக்கிறாள், வண்டியில் ஏறுவதில்லை.

அன்றைக்கு எனக்கு எதுவும் தெரியாது. வெளியே நாற்காலியில் பதக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசி பஸ்ஸைப் பற்றிக் கவலை வந்தது. ஒருமுறை வயர் மெஷினை உருட்டிக்கொண்டு ஒரு நர்ஸ் உள்ளே போனாள். கதவு திறந்த இடைவெளியில் ஆத்தாவின் குரல் கேட்டது. கதவு மூடியதும் நின்றது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அதுதான் ஓடட்டும் என்று சொல்லியாகிவிட்டதே, என் நெஞ்சைப் பற்றி இன்னும் என்ன பேச்சு இவர்களுக்கு?